கோவை வானம்பாடிகள்: விலை போடாத ஒரு கவிதைத் தாளின் கதை

1971 அக்டோபரில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கவிதை இதழ் வெளிவந்தது. பெயர் ‘வானம்பாடி’. ‘மானுடம் பாடும் வானம்பாடிகளின் விலையிலாக் கவிமடல்’ என்று அது தன்னை அறிமுகம் செய்துகொண்டது. தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றை யார் எழுதினாலும் இதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. அந்த அத்தியாயம் பெரும்பாலும் ஒரே சண்டையில் போய் நிற்கும்: இவர்கள் எழுதியது கவிதையா, கோஷமா? அரை நூற்றாண்டாக நடக்கும் வழக்கு அது. அதில் தீர்ப்புச் சொல்லும் எண்ணம் இங்கே இல்லை. பதிப்பகங்களும் பத்திரிகை அலுவலகங்களும் சென்னையில் குவிந்திருந்த காலத்தில், பஞ்சாலைக்கும் பம்புசெட்டுக்கும் பேர்போன ஊரில் ஒரு கவிதைக் கூட்டம் எப்படித் திரண்டது, எதை வைத்து நடந்தது, ஏன் சில வருடங்களிலேயே இரண்டுபட்டது, ஊருக்கு எதை விட்டுப்போனது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். விலை போடாததுதான் வானம்பாடியின் ஆகப் பெரிய யோசனை. அது வேகமாகப் பரவியதற்கும் அதுவே காரணம், சீக்கிரம் உடைந்ததற்கும் அதுவே காரணம்.

ஊர்

கோவையில் முதல் பஞ்சாலை 1888இல் வந்தது. ஸ்டேன்ஸ் மில் என்றால் இன்றும் ஊரில் தெரியும். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் ஆலைகள் சரசரவென்று பெருகின. ஆலை பெருகினால் தொழிற்சங்கமும் பெருகும். 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் நால்வரின் நினைவு இந்த ஊரின் இடதுசாரிகளுக்கு வெறும் வரலாறு அல்ல. வருடா வருடம் அஞ்சலிக் கூட்டம் நடக்கிற நினைவு. ‘உழைப்பவன்’ என்ற சொல்லை ஒரு கவிஞன் இங்கே மேடையில் சொன்னால், கேட்பவன் மனதில் ஒரு முகம் வரும். சென்னையின் சிறுபத்திரிகைக் கவிஞனுக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொரு பக்கம் கல்வி. அரசு கலைக் கல்லூரி பழையது. பேரூரில் தமிழ்க் கல்லூரி இருந்தது. வேளாண் கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்ந்ததும் அதே 1971இல்தான். பக்கத்திலேயே பொள்ளாச்சி, ஈரோடு, உடுமலை. பொள்ளாச்சிக்கு அப்பால் பாலக்காடு, மலையாளம். ஒரு மணி நேர, இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இத்தனை கல்லூரிகள், இத்தனை தமிழ் ஆசிரியர்கள்.

வானம்பாடியை ஆலைத் தொழிலாளர்களின் இயக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஆசிரியர்களின் இயக்கம்.

யார் இவர்கள்

புவியரசு, ஞானி இருவரும் பள்ளித் தமிழாசிரியர்கள். சிற்பி பாலசுப்பிரமணியம் பொள்ளாச்சிக் கல்லூரியில் பேராசிரியர். மு. மேத்தா கோவை அரசு கலைக் கல்லூரியில் பாடம் நடத்தினார். இவர்களோடு முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், கங்கைகொண்டான், சக்திக்கனல். ஊருக்கு வெளியே இருந்து சேலத்துத் தமிழ்நாடன், ஈரோடு தமிழன்பன். சிவகங்கையில் மீரா, வாணியம்பாடியில் அப்துல் ரகுமான் ஆகியோரும் இந்த வட்டத்தோடு சேர்த்தே பேசப்படுகிறார்கள். அவர்களும் கல்லூரி ஆசிரியர்கள்தான். முன்வரிசைப் பெயர்களில் ஒரு பெண் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மானுடம் பாட வந்தவர்களிடம் இந்தக் குறை இருந்தது என்பதை அந்த இயக்கத்தைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆசிரியர் வேலை ஒரு கவிதைக் கூட்டத்துக்கு என்ன தருகிறது என்று யோசித்துப் பாருங்கள். மாதம் பிறந்தால் சம்பளம். மாலை நேரம் சொந்தம். கோடை விடுமுறை உண்டு. ஒலிபெருக்கி முன்னால் நின்று பேசக் கூச்சம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வருடா வருடம் புதிதாக வந்து உட்காரும் மாணவர்கள். எழுத்தை நம்பிப் பிழைப்பவன் ஓர் இதழை இலவசமாகக் கொடுக்க முடியாது. சம்பளக்காரனால் முடியும்.

எழுத்தின் தன்மையையும் இந்த வேலை தீர்மானித்தது. இவர்கள் யாப்பு தெரியாமல் யாப்பை விட்டவர்கள் அல்ல. வகுப்பறையில் நாள்தோறும் வெண்பாவையும் ஆசிரியப்பாவையும் அலகிட்டுக் காட்டியவர்கள். அதனால் வரியை உடைத்துப் போட்டாலும் எதுகையும் மோனையும் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. வானம்பாடிக் கவிதையைச் சத்தமாகப் படித்தால் அது உரைநடைபோல ஒலிக்காததற்குக் காரணம் இதுதான். வானம்பாடிக்கு முன்பே சி.சு. செல்லப்பா சென்னையில் 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழ்தான் புதுக்கவிதைக்கு நிலையான இடம் தந்தது. அந்தக் கவிதை தனியாக உட்கார்ந்து மௌனமாகப் படிக்கப்பட வேண்டியது. வானம்பாடி அதே வடிவத்தை எடுத்துக் காதுக்குக் கொண்டுபோனது.

காலமும் தோதாக இருந்தது. 1967இல் திமுக ஆட்சிக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது; படித்த இளைஞன் பழைய மேடை வாக்குறுதிகளைக் கணக்குப் பார்க்கத் தொடங்கிய நேரம். அதே 1967இல் வங்கத்தில் நக்சல்பாரி விவசாயிகள் எழுச்சி. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகியிருந்தது. எஸ்.என். நாகராசனும் ஞானியும் வானம்பாடிக்கு முன்பே ‘புதிய தலைமுறை’ என்ற இதழில் மார்க்சியத்தைத் தமிழ் மரபோடு பொருத்திப் பார்க்கும் விவாதத்தைத் தொடங்கிவிட்டார்கள். வானம்பாடிக்குள் அந்த விவாதம் வாசல் வழியாகவே நுழைந்தது. திராவிட இயக்க மேடைத் தமிழும் உள்ளே வந்தது. இரண்டும் ஒரே தாளில் அக்கம்பக்கமாக அச்சாகின.

தாள்

அந்தக் காலத்துச் சிற்றிதழ் என்றால் எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் கோப்பது. அச்சுக்கோப்பவர் இடது கையில் ஸ்டிக் எனும் கோக்கும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கேஸ் எனும் அறைகள் கொண்ட தட்டிலிருந்து ஒவ்வொரு ஈய எழுத்தாகப் பொறுக்கி அடுக்குவார். 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய காலம். ணா, றா, னா மூன்றுக்கும் தனித்தனி வளைந்த வடிவம், ணை, லை, ளை, னை நான்குக்கும் தலையில் கொம்பு வைத்த வடிவம். கேஸில் அறைகள் அதிகம். ஒரு பக்கத்தில் ஒரே எழுத்து நிறைய வந்தால் டைப் தீர்ந்துபோகும். அப்புறம் அடுத்த பக்கம் கோக்க முடியாது. அச்சடித்து முடித்த ஃபாரத்தை, அதாவது கோத்துக் கட்டிய பக்கங்களைப் பிரித்து, எழுத்தை அந்தந்த அறையில் திரும்பப் போட்ட பிறகே வேலை நகரும்.

இதில் கவிதைக்கு என்று ஒரு விசேஷம் உண்டு. உரைநடையில் வரி முழுக்க எழுத்து நிற்கும். புதுக்கவிதையில் மூன்று சொல்லோடு வரி முடிந்துவிடும். மிச்ச இடம் வெறுமையாக இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அச்சகத்தில் அது வெறுமை அல்ல. எழுத்தைவிட உயரம் குறைந்த ஈயத் துண்டுகளைப் போட்டு அந்த வரியை ஓரம்வரை இறுக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் எந்திரத்தில் ஏற்றும்போது பக்கமே சரிந்து கொட்டிவிடும். அதாவது கவிஞன் விட்ட மௌனத்தையும் ஒருவர் கையால் எடுத்து அடுக்கினார். ஆனாலும் ஒரு பக்கக் கவிதைக்கு வேண்டிய எழுத்து, ஒரு பக்கக் கட்டுரைக்கு வேண்டியதில் பாதிகூட இருக்காது. சிறிய அச்சகத்தில், குறைந்த டைப்பை வைத்துக்கொண்டு சீக்கிரம் முடிக்கக்கூடிய வேலை புதுக்கவிதை. 1970களில் தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களிலிருந்தெல்லாம் கவிதை இதழ்கள் கிளம்பியதற்கு அழகியல் காரணம் மட்டும் தேடுகிறவர்கள் இந்த அச்சகக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம்.

சரி, விலைக்கு வருவோம். விலை போட்டால் விற்க வேண்டும். விற்பது என்றால் கடை வேண்டும், கழிவு தர வேண்டும், விற்காத பிரதி திரும்பி வரும், கடைக்காரரிடம் பாக்கி வசூலிக்க ஓர் ஆள் அலைய வேண்டும். செல்லப்பா தன் புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனது தமிழ் இலக்கிய உலகம் அறிந்த கதை. சிற்றிதழ்களில் பெரும்பாலானவை கவிதை கிடைக்காமல் நின்றவை அல்ல. பாக்கி வராமல் நின்றவை. விலை இல்லை என்று எழுதிய ஒரே வரியில் வானம்பாடி இந்தத் தலைவலி முழுவதையும் தள்ளிவைத்தது. செலவை நண்பர்களும் ஆதரவாளர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பிரதி வேண்டியவர் கைக்குப் போகும். அவர் படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார்; காசு கொடுத்து வாங்காத பொருளைக் கொடுக்க யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. விடுதி அறையில் ஒரு பிரதி நுழைந்தால் போதும். கவிதையைக் காப்பியெடுக்க நகல் எந்திரம் எல்லாம் அன்று கிடையாது, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். வரி சின்னதாக இருந்தது அதற்கும் வசதி.

மேடை

தாள் பாதி, மீதி மேடை. தமிழில் கவியரங்கம் ஏற்கெனவே பழக்கப்பட்ட வடிவம். தலைமைக் கவிஞர் ஒருவர், அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர், ஆளுக்கு ஒரு தலைப்பு, கைதட்டல். மரபுக் கவிதையின் கோட்டை அது. வானம்பாடிகள் கல்லூரி விழாக்களிலும் இலக்கியக் கூட்டங்களிலும் அந்த மேடையிலேயே ஏறினார்கள். மாணவன் முதன்முதலாகப் புதுக்கவிதையைக் காதால் கேட்டான். ‘நாமும் எழுதலாம்’ என்று அவனுக்குத் தோன்றியதுதான் வானம்பாடியின் நிஜமான விளைவு. மேத்தாவின் முதல் தொகுப்பு 1974இல் வந்து, பதிப்பு மேல் பதிப்பாக ஓடியது. புதுக்கவிதைத் தொகுப்பு ஒன்று கல்லூரி மாணவர்கள் பரிசளித்துக்கொள்ளும் பொருளானது அப்போதுதான்.

மேடைக்கு ஒரு குணம் உண்டு. அது உடனே பலன் கேட்கும். கைதட்டல் எந்த வரியில் விழுந்ததோ அந்த மாதிரி வரி அடுத்த கவிதையில் இரண்டு வரும். ‘எழுத்து’ வழியிலும் பிறகு 1970இல் தொடங்கிய ‘கசடதபற’ இதழின் வழியிலும் வந்தவர்கள் வானம்பாடியை வெறும் பிரகடனம் என்று ஒதுக்கினார்கள். வெங்கட் சாமிநாதனைப் போன்ற விமர்சகர்கள் கொஞ்சமும் தயவு காட்டவில்லை. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். ‘யுகம்’, ‘நெருப்பு’, ‘விடியல்’ போன்ற சொற்கள் அந்தக் காலத்துக் கவிதைகளில் தேய்ந்துபோகும்வரை புழங்கின. ஆனால் விமர்சகர்கள் பார்த்தது அச்சுப் பக்கத்தை மட்டும். மாலை ஆறு மணிக்கு ஒரு கல்லூரி மண்டபத்தில் நானூறு பேர் நடுவே உட்கார்ந்து கேட்க எழுதிய வரியை, தனி அறையில் மேஜை விளக்கின் கீழே வைத்து எடைபோட்டால் அது இலேசாகத்தான் தெரியும்.

உடைந்த விதம்

சந்தா கட்டுகிற வாசகர் ஒரு தொல்லை. ‘போன இதழ் சரியில்லை’ என்று கடிதம் போடுவார், அடுத்த வருடம் சந்தாவை நிறுத்துவார். ஆனால் அந்தத் தொல்லைதான் ஓர் இதழுக்குக் கடிவாளமும். வானம்பாடிக்கு அது இல்லை. இலவசமாக வருவதைப் பிடிக்கவில்லை என்று யார் சொல்வார்கள்? இது ஒன்று.

இரண்டாவது, உரிமை. விலையுள்ள இதழுக்கு ஓர் உரிமையாளர் இருப்பார். நட்டம் அவருடையது, கடைசி வார்த்தையும் அவருடையது. எல்லோரும் செலவைப் பகிரும் இதழில் கடைசி வார்த்தை யாருடையது? எது வானம்பாடிக் கவிதை, எது இல்லை என்று யார் முடிவு செய்வது? இயக்கம் சிறியதாக இருந்தவரை ஒரு டீக்கடைப் பெஞ்சில் பேசித் தீர்க்கலாம். பெயர் பரவிய பிறகு முடியாது. இயக்கத்தின் கவிதைகள் ‘வெளிச்சங்கள்’ என்ற தொகுப்பாக வந்தன. தனித்தனித் தாளில் வரும்வரை எழாத கேள்விகள் ஒரு தொகுப்பில் கட்டாயம் எழும்: யார் உள்ளே, யார் வெளியே, முன்னுரை யார் பெயரில், இந்த இயக்கம் எதற்காக என்று அந்த முன்னுரை என்ன சொல்கிறது. மார்க்சியத்தில் ஆழ ஊன்றியவர்களுக்கும் தமிழ் உணர்வு, பொதுவான மனிதநேயம் என்ற அளவில் நின்றவர்களுக்கும் இடையே இருந்த தூரம் வெளிப்படையானது. பேராசிரியர்கள் கைக்கு இயக்கம் போய்விட்டது என்ற குறையும், கட்சி அரசியலுக்கு இழுக்கிறார்கள் என்ற குறையும் எதிரெதிரே நின்றன.

வெளியே நாட்டின் நிலைமையும் இறுகியது. 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அதை ஆதரித்தது, மார்க்சிஸ்ட் கட்சி எதிர்த்தது, 1976 ஜனவரி 31 அன்று தமிழகத்தில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. ஒரே மேடையில் மானுடம் பாடியவர்களின் அரசியல் அனுதாபங்கள் மூன்று திசையில் நின்றன. இந்தச் சூழலில் ‘மானுடம்’ என்ற சொல் எல்லோரையும் ஒன்றாகப் பிடித்துவைக்கும் அளவுக்கு வலுவானது அல்ல. 1970களின் நடுப்பகுதியோடு பழைய வேகம் போய்விட்டது. பின்னாளில் சிற்பியின் பொறுப்பிலும் இதழ் வந்தது; ஆனால் 1971இல் கூடிய கூட்டம் திரும்பக் கூடவில்லை.

மிச்சம்

ஆட்கள் தனித்தனியே வளர்ந்தார்கள். சிற்பி, ஈரோடு தமிழன்பன், மேத்தா, புவியரசு நால்வருமே 2000க்குப் பிறகு சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள். அதிகாரத்துக்கு எதிராகக் குரலெழுப்பிக் கிளம்பியவர்களுக்குத் தில்லியிலிருந்து மாலை வருகிறதே என்று கேலி பேசியவர்களும் உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மொழிபெயர்ப்பு. சிற்பி மலையாளத்திலிருந்து தொடர்ந்து கொண்டுவந்தார். புவியரசு வங்கக் கவி நஸ்ருல் இஸ்லாமைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். சொந்தக் கவிதையில் விமர்சகர்கள் இவர்களிடம் கண்ட குறையை மொழிபெயர்ப்பில் காண முடியாது. அங்கே அடுத்தவனின் வரிக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

ஞானியின் பாதை வேறு. கவிதையை விட்டு விமர்சனத்துக்கு நகர்ந்தார். நீரிழிவு நோயால் பார்வை போன பிறகும் உதவியாளர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, சொல்லச் சொல்ல எழுதவைத்து, ‘நிகழ்’, ‘தமிழ் நேயம்’ என்று இதழ்களைக் கோவையிலிருந்து நடத்தினார். 2020 ஜூலையில் மறையும்வரை அவர் வீடு ஒரு வாசகசாலை மாதிரி இருந்தது. ஓர் ஊரின் இலக்கியச் சூழல் என்று நாம் பொதுவாகச் சொல்வது பல நேரம் இப்படி யாரோ ஒருவர் வீட்டு முன்னறைதான். கோவையைப் பொறுத்தவரை, அதோடு ராஜவீதியின் விஜயா பதிப்பகத்தையும் சேர்க்க வேண்டும். புத்தகம் வாங்கப் போகிறவன் எழுத்தாளரைப் பார்த்துவிட்டு வரும் கடை அது.

ஓவியம், காட்சிக் கலை பக்கம் ஒரே வரியில் போய்விடலாம்: அங்கே ஆலைப் பணம் நேரடியாக வேலை செய்தது. ஜவுளித் துறைக்காரரான கஸ்தூரி சீனிவாசன் அவினாசி சாலையில் தன் பெயரிலான கலைக்கூடத்தையும் நெசவு அருங்காட்சியகத்தையும் உருவாக்கினார். கவிதைக்கு அப்படி ஒரு கட்டடத்தை இந்த ஊர் தரவில்லை.

இன்னொரு மாதிரி

ஒப்பிட்டுப் பார்க்க இதே ஊரில் இன்னொரு அமைப்பு கிடைக்கிறது. எழுத்தாளர் ஜெயமோகனின் வாசகர்கள் சேர்ந்து தொடங்கிய விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் வருடந்தோறும் டிசம்பரில் கோவையில் விருது விழா நடத்துகிறது. முதல் விருது ஆ. மாதவனுக்கு. கவிஞர்களில் 2012இல் தேவதேவன், 2014இல் ஞானக்கூத்தன், 2015இல் தேவதச்சன், 2019இல் அபி, 2021இல் விக்ரமாதித்யன். பட்டியலைப் பாருங்கள். ஞானக்கூத்தன் ‘கசடதபற’க்காரர். அபியின் கவிதை உரக்கப் படிக்க முடியாத அளவுக்கு அடங்கிய குரலில் பேசுவது. வானம்பாடி எந்தக் கவிதைக்கு எதிர்முனையில் நின்றதோ, அந்தக் கவிதைக்குத்தான் அதே ஊரில் இப்போது மாலை போடுகிறார்கள். ஊர் மாறிவிட்டதா என்றால், பாதிதான். இந்த விழாவுக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி வெளியூர்க்காரர்கள்; இரயிலேறி வந்து, இரண்டு நாள் தங்கி, விவாதித்து, கலைந்து போகிறார்கள். கோவை அவர்களுக்கு நல்ல மண்டபமும் போக்குவரத்தும் உள்ள ஊர். வானம்பாடிக்கோ கோவைதான் பேசுபொருள், கோவைதான் வாசகர்.

அமைப்பாகப் பார்த்தால் விஷ்ணுபுரம் வட்டம் வானம்பாடி சறுக்கிய இடங்களையெல்லாம் கவனமாகத் தாண்டியிருக்கிறது. மையமாக ஒரு பெயர் உண்டு, அதனால் கடைசி வார்த்தை யாருடையது என்ற குழப்பம் இல்லை. கொள்கை அறிக்கை கிடையாது. விருது பெறுகிறவரின் படைப்பைப் பேசினால் போதும். வருடத்துக்கு ஒரு தேதி, முன்கூட்டியே தெரியும். பத்து வருடத்தைத் தாண்டியும் நிற்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் மையத்தில் இருக்கும் அந்த ஒரு பெயரை நீக்கிவிட்டால் மிச்சம் எவ்வளவு நிற்கும் என்று கேட்டுப் பார்க்கலாம். வானம்பாடியில் யாரை நீக்கினாலும் ஏழெட்டுப் பேர் மிஞ்சியிருப்பார்கள். அது அதன் பலம். சண்டைக்கும் அதுவே ஆள் சேர்த்தது.

இன்று கவிதையை விலை இல்லாமல் ஊரெங்கும் அனுப்புவது யாருக்கும் ஒரு சிரமமே இல்லை. கைபேசியில் காலை வணக்கத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. 1971இல் அதே காரியத்துக்கு ஒருவர் அச்சகத்தில் நிற்க வேண்டும், ஒருவர் தாள் வாங்க வேண்டும், ஒருவர் பணம் வசூலிக்க வேண்டும், நாலு பேர் உட்கார்ந்து முகவரி எழுதி அஞ்சல் வில்லை ஒட்ட வேண்டும். அந்த நாலு பேர் ஒட்டிக்கொண்டே பேசிய பேச்சில்தான் பாதி இயக்கம் நடந்திருக்கும் என்பது என் ஊகம். இப்போது ஊரில் ஒரு கவிதை வட்டம் தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்கிறார்கள்; அதற்குப் பதில் மாதம் ஒருமுறை சேர்ந்து செய்ய ஒரு கைவேலையைக் கண்டுபிடிப்பது நல்லது. சின்ன இதழ் மடிப்பதோ, பள்ளிக்கூடம் ஒன்றில் வாசிப்புக்கு ஆள் திரட்டுவதோ, எதுவாகவும் இருக்கலாம். செலவுக் கணக்கு யார் கையில், தேர்வு யார் பொறுப்பு என்ற இரண்டை மட்டும் முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.